யார் வீட்டுப் படம்?

எழுத்தாளனுக்குப் புகழ் எந்த வாசல் வழியாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருபது வருஷமாகச் சிறுகதையும் நாவலும் எழுதி வருகிறேன். ஒரு நாவல் வெளிவந்து ஆயிரம் பிரதி விற்பதற்குள் பதிப்பாளருக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்துவிடுகிறது. படித்துவிட்டு அபிப்பிராயம் எழுதுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் சென்ற வருஷம் ஒரு நாள் காலையில் எட்டே வரி எழுதி, அதன் தலைமாட்டில் ஒரு பழைய போட்டோவையும் வைத்து இணையத்தில் போட்டேன். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் ஆயிரக்கணக்கான பேர் அதைப் படித்துவிட்டார்கள். என் நாவல்களைத் தொட்டும் பார்க்காதவர்கள் எல்லாம், "என்ன அருமையான எழுத்து!" என்று பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதையும், அதற்குப் பிறகு இந்த மாதிரி எழுத்தைப் பற்றி எனக்கு உண்டான அபிப்பிராயங்களையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய குடும்பப் படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதற்கென்றே கூடியிருக்கிற கூட்டம் அது. இப்படிப் பல கூட்டங்கள் இன்று இருக்கின்றன. தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது எடுத்தது, பாட்டி பள்ளிக்கூட டீச்சராக இருந்தபோது எடுத்தது, பெரியப்பா முதல் சைக்கிளோடு நின்றது என்று தினம் ஒரு படம் வரும். படத்துக்குக் கீழே பத்து வரி கதை இருக்கும். முன்பின் பார்த்திராதவர்கள், "எங்கள் வீட்டிலும் இதே நாற்காலி இருந்தது" என்று எழுதுவார்கள். யாருடைய தாத்தாவோ எல்லாருக்கும் தாத்தாவாகிவிடுவார். இதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுகிறவன் நான் அல்ல.

நான் போட்டது என் அத்தையின் படம். அத்தை காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், கூலிக்குத் தறி நெய்த வீட்டில் பிறந்தவள். கல்யாணம் நிச்சயமான வாரத்தில், 1972ஆம் வருஷம், ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது அந்தப் படம். ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு இந்த மாதிரிப் படத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி. கண்ணாடியில், பூத் தைத்த சடை இடுப்புக்குக் கீழே வரை தெரிகிறது. முகமும் தெரிய வேண்டும், சடையும் தெரிய வேண்டும், ஆனால் இரண்டு படத்துக்குக் காசு இல்லை என்ற சங்கடத்துக்கு நம் ஊர்ப் போட்டோக்காரர்கள் கண்டுபிடித்த உபாயம் அது. அகலக் கரை போட்ட பட்டுப் புடவை. படம் கறுப்பு வெள்ளையாதலால் உடலும் கரையும் இரண்டு விதச் சாம்பல் நிறமாக இருந்தன.

அந்தப் படம் ஆல்பத்தில் இல்லை. தகரப் பெட்டியில், ரேஷன் கார்டும் பழைய ரசீதுகளும் வைத்த பைக்குள் இருந்தது. பொங்கலுக்குப் போயிருந்தபோது, அத்தை காபி போட உள்ளே போன சமயத்தில், என் டெலிபோனால் அதைப் பிரதி எடுத்துக்கொண்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து சிறிது செம்மை செய்தேன். இடது பக்கத்து அடி மூலையில் ஏதோ கலங்கலாக, வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. படத்தின் அழகை அது கெடுக்கிறது என்று தோன்றியதால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன்.

நான் எழுதிய எட்டு வரியின் சாரம் இது: காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவர் தம் மகளின் கல்யாணத்துக்குத் தம் கையாலேயே நெய்த பட்டு; அதை உடுத்திக்கொண்டு அவள் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறாள் பாருங்கள்; அந்த நிமிர்வு ஓர் உழைப்பாளி வீட்டின் கௌரவம். நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

வந்தவர்கள் புடவையின் நிறம் என்ன என்று வாதாடினார்கள். கிளிப்பச்சை என்றார் ஒருவர். மயில்கழுத்து என்றார் ஒரு அம்மாள். "இந்த மாதிரிக் கனம் இப்போது எங்கே கிடைக்கிறது?" என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். அந்தக் காலத்துப் பெண்களின் தன்னம்பிக்கையைப் பற்றி ஒருவர் ஒரு பக்கம் எழுதினார். இரண்டு நாள் கழித்து ஒரு ஜவுளி வியாபாரி, என்னையும் கேட்காமல் யாரையும் கேட்காமல், படத்தை எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார். பாரம்பரியம் என்று தலைப்பும் கொடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"ஏன்டா, என் போட்டோவை ஊருக்கெல்லாம் காட்டினியாமே?"

"ஆமாம் அத்தே. எல்லாரும் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

"அது கெடக்கட்டும். ஆரணியிலேருந்து என் நாத்தனார் மவ பேசினா. 'தாத்தா உங்களுக்குன்னே நெய்ஞ்ச புடவையாமே, அது இப்போ எங்கே அத்தே?'ன்னு கேக்கறா. நான் இன்னாடா பதில் சொல்லட்டும்?"

அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போனேன்.

அன்று அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

அந்தப் புடவை அவளுடையது அல்ல. முதலாளி கொடுத்த பாவில், முதலாளி கொடுத்த ஜரிகையில், யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தாத்தா நெய்தது. ஒரு பாவுக்கு மூன்று புடவை. மூன்றாவதையும் முடித்துத் தறியிலிருந்து அறுத்துவிட்டார். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது கோர்வைப் புடவை; உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். கரைக்குத் தனி நாடா வேண்டும். அதைத் தள்ள, நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஆள் ஒரு குழந்தைதான். அத்தை எட்டு வயதிலிருந்து அந்த வேலையைச் செய்தவள். அந்த மூன்றாவது புடவையின் கரையும் அவள் கை பட்டதுதான். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை என்று சொன்னாள். கிளிப்பச்சையும் அல்ல, மயில்கழுத்தும் அல்ல.

ஆரணி மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் போட்டோ ஒன்று கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் தாத்தா புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு, சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கட்டிக்கிட்டு வா" என்றாராம். ஒரே ஒரு மணி நேரம். ஸ்டுடியோவில் போய்க் கட்டினாள். சுருக்கம் விழுந்துவிடும் என்று அவளை உட்காரவே விடவில்லை. முந்தானை தரையில் படக் கூடாதென்று பாட்டி கீழே குனிந்து அதைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள்.

நான் வெட்டி எறிந்த மூலையில் இருந்தது பாட்டியின் கை.

படம் ஆரணிக்குப் போயிற்று. ஆரணியும் பட்டு நெய்கிற ஊர். புடவை என்ன பெறும் என்று படத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். கல்யாணத்துக்கு அத்தை கட்டிக்கொண்டது சாதாரணப் பட்டு. "போட்டோவிலே கட்டியிருந்தியே, அது எங்கே?" என்று மாமியார் கேட்டாள். பத்தொன்பது வயதுப் பெண் என்ன சொல்வாள்? முதலாளி புடவையைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால், விஷயம் காஞ்சிபுரம் வந்து சேரும். அதற்குப் பிறகு தாத்தாவுக்கு யாரும் பாவு கொடுக்கமாட்டார்கள். "நைனா அடகு வெச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டாள். மகள் கல்யாணப் பட்டை அடகு வைத்தவர் என்ற பெயரைத் தாத்தா சாகும் வரை சுமந்தார். சம்பந்தி வீட்டில் ஜாடையாகக் குத்திப் பேசும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வாராம். ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை.

இதுதான் நான் கௌரவம், நிமிர்வு என்றெல்லாம் எழுதிய படம்.

ஐம்பத்தைந்தாவது தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் வாங்கிக் கொடுத்த பிரியதர்ஷனின் 'காஞ்சிவர'த்தைப் பலர் பார்த்திருப்பார்கள். மகளைப் பட்டு உடுத்திக் கல்யாணம் செய்து கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு, அதற்காகப் பட்டு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் அடக்கித் திருடிக் கொண்டு வரும் நெசவாளியின் கதை அது. அந்தப் படத்தைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டவன்தான். ஆனால் என் தாத்தாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே விஷயம் அதில் இருப்பதைப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. கதை என்று சொல்லிக் காட்டினால் நமக்குப் புரிகிறது. போட்டோ என்று காட்டினால் நிஜம் என்று நம்பி நின்றுவிடுகிறோம்.

அதற்குப் பிறகு சில மாத காலம் இந்த வகை எழுத்தை வேலையாகவே வைத்துக்கொண்டு படித்தேன். படத்தோடு கூடிய பத்து வரி என்பது இன்று ஓர் இலக்கிய உருவமாகவே ஆகிவிட்டது. சிறுகதை எழுதுகிறவர்களைவிட இதை எழுதுகிறவர்கள் அதிகம். படிக்கிறவர்கள் அதைவிட அதிகம். ஆகவே இதையும் இலக்கியமாகவே மதித்து, அதன் குணதோஷங்களைச் சொல்வதில் தவறில்லை.

முதல் தோஷம், இந்த எழுத்தில் வருகிற முன்னோர்கள் எல்லாரும் அசாதாரணமானவர்களாக இருப்பது. பாட்டி என்றால் காலத்தை மீறியவள். தாத்தா என்றால் சுயமரியாதைக்காரர், ஒரு நாளும் கடன் வாங்காதவர். கடன் வாங்கின தாத்தாவும், மருமகளை அழ வைத்த பாட்டியும், பரீட்சையில் தேறாத சித்தப்பாவும் எங்கே போனார்கள்? அவர்களும் போட்டோவுக்கு நின்றவர்கள்தானே? பேரப்பிள்ளைகள் எழுதும்போது செத்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகி, ஒரே முகமாகி விடுகிறார்கள்.

இரண்டாவது தோஷம், தெரியாததை அழகான வாக்கியத்தால் நிரப்புவது. நான் செய்ததும் இதுதான். படத்தில் இருப்பவள் அடுத்த அறையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். "இது எந்தப் புடவை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல. என் மனத்தில் கதை ஏற்கனவே தயாராகிவிட்டது. அவள் வாய் திறந்தால் அந்தக் கதை கெட்டுவிடுமோ என்ற பயம் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது தோஷம், படிக்கிறவர்களுடையது. அவர்களுக்கு அந்த மனுஷியைத் தெரியாது. ஆகவே பொருள்களைப் பார்க்கிறார்கள். புடவை, சடை, நாற்காலி, ரேடியோப் பெட்டி! "எங்கள் வீட்டிலும் இருந்தது" என்ற ஆனந்தத்தில், இந்த வீட்டில் அது எப்படி வந்தது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ரொலாண் பார்த் என்ற பிரெஞ்சு விமரிசகர் புகைப்படத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 1980ல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'காமிரா லூசிடா' என்று பெயர். 1977ல் இறந்துபோன தம் தாயாரின் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். எதிலும் தாயார் அகப்படவில்லை. கடைசியில், தாயாருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1898ல், கண்ணாடிக் கூரை போட்ட ஒரு செடிக்கூடத்தில் எடுத்த படத்தில் அவளைக் கண்டுபிடித்துவிடுகிறார். புத்தகத்தின் பிற்பாதி முழுவதும் அந்த ஒரு படத்தைப் பற்றித்தான். ஆனால் புத்தகத்தில் வேறு பல படங்கள் இருக்க, அந்தப் படம் மட்டும் கிடையாது. உங்களுக்கு அது எத்தனையோ படங்களில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, காட்டாமலே விட்டுவிடுகிறார்.

இது பிடிவாதம் என்று முன்பு நினைத்தேன். இப்போது மரியாதை என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாரும் இப்படிப் பெட்டியைப் பூட்டிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான் என்பதும் வாஸ்தவம். அதனால் வேறு இரண்டு முயற்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அனுஷா யாதவ் என்ற பெண்மணி 2010ல் 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' என்று ஓர் இணையச் சேகரத்தைத் தொடங்கினார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சாதாரணக் குடும்பத்தினர் தங்கள் பழைய படங்களை அனுப்புகிறார்கள். படம் மட்டும் போதாது. அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம், என்ன நடந்தது என்ற விவரமும் வேண்டும். தேசப் பிரிவினையில் வீடு இழந்தவர்கள், கப்பல் ஏறிப் போனவர்கள், ஜாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லாரும் அங்கே பெயரோடும் ஊரோடும் இருக்கிறார்கள். சரித்திரப் புத்தகத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு இப்படி ஒரு திண்ணை கிடைத்தது பெரிய காரியம். ஒரு குறை மட்டும் எனக்குத் தோன்றுகிறது. படம் இருப்பவர்களுடைய கதைதானே அங்கே வர முடியும்? காமிரா வாங்கக்கூடிய வீடு, அல்லது அடிக்கடி ஸ்டுடியோவுக்குப் போகக்கூடிய வீடு. எங்கள் தாத்தா வீட்டில் ஒருவர் ஆயுளுக்கு மூன்று படம் எடுத்தால் அதிகம்.

மற்றொன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. புதுச்சேரியில் 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், மானிடவியல் அறிஞர் ஸோயி ஹெட்லியும் அவருடைய சகாக்களும், 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த படங்களைத் தேடிப் பிரதி எடுத்தார்கள். அழியும் நிலையில் உள்ள சேகரங்களுக்காக லண்டன் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டம் அதற்கு உதவி செய்தது. ஸ்டுடியோக்காரருடைய பிள்ளைகள் தொழிலை விட்டுவிட்டார்கள். கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ்களும் பரணில் கிடந்து பூசணம் பிடித்தன. நெகட்டிவில் வெள்ளி உண்டு. அந்த வெள்ளிக்காகவே அவற்றை வாங்கி எரித்துவிடுகிறவர்கள் உண்டு.

இதைப் படித்தபோது எனக்குக் காஞ்சிபுரம் ஞாபகம் வந்தது. ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றித் தங்க முலாம் பூசியதுதான். பழம் பட்டுப் புடவைகளை விலைக்கு எடுத்து, எரித்து, வெள்ளியைப் பிரித்துக்கொள்கிற வியாபாரமும் அங்கே உண்டு. அத்தை கட்டிக்கொண்டு நின்ற புடவையும் எந்த வீட்டிலோ பழசாகி அப்படி உருகியிருக்கலாம். அவளைப் பிடித்த நெகட்டிவும் அப்படியே போயிருக்கலாம்.

ஆனால் புதுச்சேரிச் சேகரத்து மாதிரிப் படங்களில் வேறு ஒரு துயரம் இருக்கிறது. அங்கே திரை தெரிகிறது, திரையில் எழுதிய படிக்கட்டும் தூணும் தெரிகின்றன, நாற்காலி தெரிகிறது, ஸ்டுடியோ முத்திரை தெரிகிறது. பல படங்களில் நிற்கிறவர்களின் பெயர் மட்டும் தெரியாது. குடும்பம் கொடுக்கிற படத்தில் கதை அதிகமாகிவிடுகிறது. ஸ்டுடியோ கொடுக்கிற படத்தில் கதையே இல்லை. இந்த இரண்டாவதே மேல் என்று சில சமயம் எண்ணுகிறேன். தெரியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பொய் சொல்வதில்லை.

சாவுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நின்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நேற்று வரை இருந்தது. அந்த மாதிரிப் படம் பொதுவில் வந்தால், பார்க்கிறவர்கள், "ஐயோ, பயமாக இருக்கிறது" என்கிறார்கள்; விநோதம் என்று வேறு இடங்களுக்கும் அனுப்பி வைக்கிறார்கள். என் தாத்தாவுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அவருக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். உயிரோடிருந்த காலத்தில் அவரைப் படம் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அது விநோதமா, வறுமையா என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. வீட்டாரைக் கேட்டால்தான் தெரியும்.

நியூயார்க் நவீன கலைக்கூடத்தில் 1955ல் எட்வர்ட் ஸ்டைக்கன் 'மனிதக் குடும்பம்' என்று ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார். 68 தேசங்களிலிருந்து 503 படங்கள். பிறப்பு, கல்யாணம், உழைப்பு, சாவு எல்லாம் எங்கும் ஒன்றுதான், மனிதர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்பது அதன் உபதேசம். உலகமெல்லாம் சுற்றி வந்து பேர் வாங்கிய கண்காட்சி. அதைக் கண்டித்து எழுதியவரும் பார்த் தான். பிறப்பதும் சாவதும் எல்லாருக்கும் பொது என்பது சரி. எப்படிப் பிறக்கிறான், எந்த நிலைமையில் சாகிறான் என்பது பொது அல்லவே என்று கேட்டார். அந்தக் கேள்வி பிள்ளையார்பாளையத்துக்கும் பொருந்தும். கல்யாணப் பெண் பட்டு உடுத்துவது எல்லாருக்கும் பொது. அந்தப் பட்டு யாருடையது என்பது பொது அல்ல.

சரி, படம் யாருடையது? நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்துக்கு முதல் உரிமையாளர் என்று அது சொல்கிறது. ஆகவே காசு கொடுத்த தாத்தாவுக்குப் படம் சொந்தம். வாரிசு என்று நானும் ஒரு பங்கு கேட்கலாம். படத்தில் நின்றவளுக்கு என்ன உண்டு என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை. சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் பார்க்கத் தவறியதைப் பார்ப்பதற்குத்தான் பண்பாடு என்று ஒன்று இருக்கிறது.

வெளியே எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் கிடக்கும் அத்திவரதரை நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுக்கிறார்கள். 1939, 1979, அதற்குப் பிறகு 2019. ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17ஆம் தேதி வரை 48 நாள், ஊர் தாங்காத கூட்டம். அத்தை 1979லும் பார்த்தவள், 2019லும் பார்த்தவள். "வெளியே எடுக்கறதுக்கும் ஒரு நாள் இருக்கு, உள்ளே வைக்கறதுக்கும் ஒரு நாள் இருக்கு; ரெண்டுக்கும் கேக்க வேண்டியவங்களைக் கேட்டுத்தானே செய்யறாங்க?" என்று, தன் படத்தை நினைத்துக்கொண்டோ என்னவோ, அன்று ஒரு பேச்சுவாக்கில் சொன்னாள். நான் இத்தனை பக்கம் எழுதிய விமரிசனத்தை அவள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

கேட்க வேண்டியவர்களைக் கேட்பது: இந்த எழுத்துக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் அதுதான். படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேள். இல்லாவிட்டால் அவரோடு வாழ்ந்தவர்களைக் கேள். ஒருவரும் இல்லாவிட்டால், தெரியாது என்று எழுது. மூலையை வெட்டாதே. அழகுக்கு இடைஞ்சலாகத் தோன்றுவதில்தான் விஷயம் இருக்கும். இந்த மூன்றும் நாவலாசிரியனுக்கு முதல் பாடம். இருபது வருஷம் எழுதிய பிறகு, எட்டு வரியில் அவற்றை மறந்தேன்.

படத்தை எடுத்துவிட்டேன். ஜவுளி வியாபாரியும் இரண்டு முறை எழுதிக் கேட்ட பிறகு எடுத்துவிட்டார். இன்னும் எத்தனை பேருடைய டெலிபோனில் இருக்கிறதோ, அதை யாரும் திரும்பப் பெற முடியாது.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் மறுபடி காஞ்சிபுரம் போய் அத்தையைக் கேட்டேன். இந்த முறை டெலிபோனைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. மாமியார் இல்லை, மாமா இல்லை, முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு வெகு நேரம் பேசாமல் இருந்தாள். எதிர்வீட்டில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போட்டோ வேணாம்டா," என்றாள். "எழுதறதுன்னா எழுது. நைனா அடகு வெக்கலைன்னு எழுது."

எழுதிவிட்டேன்.